அம்மாவுக்கு அரை மணி நேரம் லீவு!

வாரம் ஒரு வாணலி

இந்த வாரம் நம்ம வாணலியில் விழப்போகிற ஐட்டத்தோட பேரு லாட்கே. பேரைக் கேட்டதும் ஏதோ கம்ப்யூட்டர் வைரஸ் மாதிரி இருக்கேன்னு பயந்துடாதீங்க. யூதர்கள் வீட்டு உருளைக்கிழங்கு அடை, அவ்ளோதான். துருவின கிழங்கு, வெங்காயம், முட்டை, கொஞ்சம் மாவு, உப்பு. கலந்து, தட்டி, எண்ணெயில் போட்டா ஓரமெல்லாம் மொறுமொறு, நடுவுல மெத்து மெத்து!

'அடைக்கா இவ்ளோ பில்டப்பு?'ன்னு கேட்கிறீங்களா? மேட்டர் இருக்கு பாஸ். இந்த அடை, தோசை மாதிரியே ஒரு ஜாதி. கல்லுல இருந்து எடுத்த சூட்டோட தின்னாத்தான் மொறுமொறுப்பு. அப்போ யாரோ ஒருத்தர் அடுப்பு முன்னாடி நின்னுக்கிட்டே இருக்கணும். அந்த ஒருத்தர் யாருங்கிறதுதான் இந்த வாரக் கேள்வி. அதுக்கு முன்னாடி கொஞ்சம் கதை, கொஞ்சம் ஹீட் டிரான்ஸ்ஃபர், நிறைய கிழங்கு.

எண்ணெய்க்கு ஒரு பண்டிகை

லாட்கே சாப்பிடுற சீசன் ஹனுக்கா பண்டிகை. கி.மு. 167 வாக்கில் அந்தியோக்கு என்ற கிரேக்க வம்சத்து ராஜா, எருசலேம் கோயிலில் யூதர்களின் வழிபாட்டைத் தடை பண்ணினார். மக்கபேயர்னு ஒரு குடும்பம் எதிர்த்து நின்னு போராடி, கி.மு. 164-ல் கோயிலை மீட்டுச் சுத்தம் செஞ்சாங்க. விளக்கேத்தப் பார்த்தா, ஒரே ஒரு நாளைக்குத்தான் எண்ணெய். ஆனா அந்த எண்ணெய் எட்டு நாள் எரிஞ்சதுன்னு தல்மூத் நூல் சொல்லுது. அதனால்தான் எட்டு ராத்திரி விளக்கு, அதனால்தான் எண்ணெயில் பொரிச்ச பலகாரம்.

வில்லியனூர் மாதா கோயிலுக்கு ரெகுலரா போகிற ஃப்ரெண்ட்ஸுக்கு இதில் பாதிக் கதை ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும். மக்கபேயர் நூல்கள் கத்தோலிக்க பைபிளில் இருக்கு. எண்ணெய் அற்புதம் மட்டும் அதில் கிடையாது, அது தல்மூத் சரக்கு.

முதல் ராத்திரி ஒரு விளக்கு, ரெண்டாம் ராத்திரி ரெண்டு, இப்படி எட்டாம் ராத்திரி எட்டு. இது போக ஒன்பதாவதா ஒரு விளக்கு தனியா, உயரமாவோ தள்ளியோ நிற்கும். அதுக்குப் பேரு ஷமாஷ். 'சேவகன்'னு அர்த்தம். அந்த விளக்கை வைத்துத்தான் மத்த எல்லா விளக்கையும் ஏத்தணும். பண்டிகை விளக்கு வெளிச்சத்தில் வேற வேலை எதுவும் பார்க்கக் கூடாது. அந்த உபயோகமெல்லாம் ஷமாஷ் தலையில்! இந்த ஷமாஷை ஞாபகம் வச்சுக்கங்க. கடைசியில் தேவைப்படும்.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. கார்த்திகை தீபத்தன்னிக்கு பாகூர் பக்கம் எந்தத் தெருவில் நடந்தாலும் வாசல், திண்ணை, மாட்டுக் கொட்டகைன்னு வரிசையா அகல் விளக்கு. பசங்க கையில் மாவலி. கோயில் வாசலில் சொக்கப்பனை. வீட்டுக்குள்ளே பொரி உருண்டை, அப்பம், அடை. அங்கேயும் விளக்கு, அடை. இங்கேயும் விளக்கு, அடை! 2025-ல் தீபம் டிசம்பர் 3-ல் வந்தது, ஹனுக்கா டிசம்பர் 14 சாயந்திரம் ஆரம்பிச்சது. நம்மது முழு நிலாவை ஒட்டி. அவங்களது தேய்பிறையில் தொடங்கி, அமாவாசையைத் தாண்டிப் போகும். இருட்டு கூடக் கூட, அவங்க விளக்கும் கூடிக்கிட்டே போகும்.

லாட்கேங்கிற இத்திஷ் வார்த்தையைப் பின்னாடியே துரத்திப் போனா, எண்ணெயைக் குறிக்கிற கிரேக்க வார்த்தையில் போய் நிற்கும். நம்ம எண்ணெய் மட்டும் என்னவாம்? எள் + நெய். எல்லா ஊரிலும் பலகாரத்தோட பூர்வீகம் எண்ணெய்ச் சட்டிதான்!

கிழங்கு லேட்டா வந்த விருந்தாளி

மக்கபேயர் காலத்தில் உருளைக்கிழங்கே கிடையாது. அது தென் அமெரிக்கா ஆண்டிஸ் மலைச் சரக்கு. ஸ்பெயின்காரங்க போய்க் கொண்டுவந்த பிறகுதான் ஐரோப்பாவுக்கே தெரியும். நம்ம நாட்டுக்கும் கடல் வழியா ஐரோப்பாக்காரங்க கொண்டுவந்ததுதான்.

அப்போ பழைய லாட்கே எதில் செஞ்சாங்க? சீஸில்! அதுக்கும் ஒரு பெண்தான் காரணம். யூதித்துன்னு ஒரு வீரப் பெண், எதிரித் தளபதியின் கூடாரத்துக்கே போய் அவன் தலையை வெட்டின கதை யூதித்து நூலில் இருக்கு. பிற்காலத்தில் சொன்ன கதைகளில், அவனுக்கு உப்பு போட்ட சீஸ் கொடுத்துத் தாகம் எடுக்க வச்சு, அப்புறம் திராட்சை மது கொடுத்துத் தூங்க வச்சாங்கன்னு சேர்த்துக்கிட்டாங்க. அவங்க நினைவா ஹனுக்காவுக்கு சீஸ் பலகாரம். 19-ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவின் ஏழை யூதர்களுக்கு சீஸ் எட்டாத விலை. கிழங்கோ மலிவு. சீஸ் இருந்த இடத்தில் கிழங்கு உட்கார்ந்துச்சு. ஆக, லாட்கே ஏழை வீட்டுப் பலகாரம். அதனால்தான் நம்ம பாக்கெட் மணிக்கும் கட்டுப்படியாகுது.

நம்ம நாட்டு யூதர்கள் இதைச் செய்வாங்களான்னா, அவங்க ரூட்டே வேற. 1568-ல் கட்டின பரதேசி ஜெபஆலயம் இன்னிக்கும் கொச்சியில் நிற்குது. அந்தக் கொச்சி யூதர்கள் ஹனுக்காவுக்குச் செஞ்சது நெய்யப்பம். ஆமாம் சார், நம்ம கார்த்திகை அப்பத்தோட அண்ணன்! அவங்களில் பெரும்பாலானவங்க 1950-களில் இஸ்ரேலுக்குப் போயிட்டாங்க, நெய்யப்பமும் கூடவே போச்சு. கல்கத்தாவின் பாக்தாதி யூதர்களோ முழு உருளைக்கிழங்கைத் தோல் சீவி, எண்ணெயில் மெது மெதுவா பொரிச்சு 'ஆலு மக்கல்லா'ன்னு ஒரு அயிட்டம் வச்சிருக்காங்க. வெளியே ஓடு மாதிரி மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய்.

நம்ம புதுச்சேரிக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆசிரமத்து ஸ்ரீ அன்னையின் இயற்பெயர் மிரா அல்ஃபாசா. 1878-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா துருக்கி, அம்மா எகிப்து, பூர்வீகம் யூதக் குடும்பம். லாட்கே பிறந்த கிழக்கு ஐரோப்பா அவங்க பக்கம் இல்லைங்கிறதால, இந்த அடையை அவங்க கணக்கில் எழுத முடியாது. சரி, நாமே எழுதிடுவோம்!

மொறுமொறுப்போட எதிரி யாரு?

எண்ணெய் கம்மியாச்சு, மாவு கம்மியாச்சுன்னு ஆளுக்கு ஒரு காரணம் சொல்வாங்க. நிஜ வில்லன் தண்ணி. உருளைக்கிழங்கில் சுமார் 80 சதவீதம் தண்ணிதான். அரை கிலோ வாங்கினா அதில் 400 கிராம் தண்ணிக்குத்தான் காசு கொடுக்கிறோம்.

ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸை இப்ப கொஞ்சம் தூசு தட்டுங்க. ஒரு கிராம் தண்ணியை 30 டிகிரியில் இருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 290 ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க சுமார் 2260 ஜூல் வேணும். கிட்டத்தட்ட எட்டு மடங்கு! அடையோட மேல்பக்கத்தில் ஈரம் இருக்கிற வரைக்கும், எண்ணெய் 175 டிகிரியில் கொதிச்சாலும் அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் வறுத்த வாசனையும் வர சுமார் 140 டிகிரியாவது வேணும். அதனால் ஈரமான கிழங்கை எண்ணெயில் போட்டா, அது வேகும், பொரியாது. நீங்க கொடுத்த கேஸ் எல்லாம் ஆவியாப் போயிடும். கையில் மிஞ்சுறது எண்ணெய் குடிச்ச கொழகொழ மொக்கை.

ஆக ஃபார்முலா சிம்பிள். எண்ணெய் செய்ய வேண்டிய வேலையை முதல்லேயே கையால செஞ்சுடணும். பிழிங்க!

களத்தில் இறங்கலாமா?

நாலு பேருக்கு, சுமாரா 10-12 அடை வரும்.

உருளைக்கிழங்கு அரை கிலோ, பெரிய வெங்காயம் 1, முட்டை 1, மைதா அல்லது ரொட்டித் தூள் 2 டேபிள்ஸ்பூன், உப்பு முக்கால் டீஸ்பூன், மிளகுத் தூள் கொஞ்சம், எண்ணெய். நம்ம பக்கம் மல்லாட்டை எண்ணெய் இருக்கும்போது வேற எதைத் தேடணும்? சூடு தாங்கணுங்கிறதால ரீஃபைண்டு வாங்கிக்குங்க.

கிழங்கு வாங்கும்போது ஒரு விஷயம். ரொம்ப நாள் குளிரில் கிடந்த கிழங்கில் ஸ்டார்ச் கொஞ்சம் கொஞ்சமா சர்க்கரையா மாறிடும். அது வேகமாக் கறுக்கும், இனிப்பும் தட்டும். அதனால் வீட்டு ஃப்ரிட்ஜிலும் கிழங்கை வைக்காதீங்க. மூட்டைக்குப் பக்கத்தில், காத்தோட்டமா, இருட்டா ஒரு மூலை போதும்.

ஒண்ணு. கிழங்கைத் தோல் சீவி, கேரட் துருவியில் பெரிய ஓட்டைப் பக்கமா வச்சு நீள நீளமாத் துருவுங்க. ஒரு கிழங்கு, கொஞ்சம் வெங்காயம், மறுபடி ஒரு கிழங்குன்னு மாத்தி மாத்தித் துருவினா கிழங்கு சீக்கிரம் கறுக்காது. மிக்ஸியில் போட்டு அரைச்சுடாதீங்க. கூழானா ஓரம் முறுகாது. இழைகள் அங்கங்கே நீட்டிக்கிட்டு இருக்கணும், அதுதான் மொறுமொறு ஏரியா.

ரெண்டு. இட்லித் துணி இருக்கில்லே? அதுதான் ஹீரோ. துருவலை அதில் கட்டி, ஒரு கிண்ணத்து மேல வச்சு முறுக்கிப் பிழிங்க. அரை டம்ளருக்கு மேலேயே தண்ணி கொட்டும். 'போதும்'னு தோணும்போது இன்னொரு முறுக்கு.

மூணு. அந்தத் தண்ணியைக் கொட்டிடாதீங்க. பத்து நிமிஷம் ஆடாம வச்சா, அடியில் வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி படியும். அதுதான் ஸ்டார்ச். மேல் தண்ணியை மட்டும் இறுத்துட்டு, அந்த வெள்ளையைத் துருவலோட சேர்த்துடுங்க. காசு கொடுக்காம கிடைச்ச பசை!

நாலு. முட்டை, மைதா, மிளகுத் தூள் சேர்த்துக் கலக்குங்க. உப்பு மட்டும் கடைசியில், எண்ணெய் காஞ்ச பிறகு. முன்னாடியே போட்டா உப்பு மறுபடி தண்ணியை இழுத்து வெளியே விடும். பிழிஞ்சதெல்லாம் வேஸ்ட்.

அஞ்சு. அடிப்பக்கம் தட்டையான வாணலியில் கால் இஞ்ச் உயரத்துக்கு எண்ணெய். ஒரே ஒரு இழையைப் போட்டுப் பாருங்க. உடனே சுத்தி முட்டை முட்டையா நுரைச்சா ரெடி. ஒரு குழிக்கரண்டி கலவையைப் போட்டு, கரண்டி முதுகால் மெல்லிசாத் தட்டுங்க. ஒரு ஈட்டுக்கு மூணு, நாலு போதும். ரயில்வே முன்பதிவில்லாப் பெட்டி மாதிரி நெருக்கினா எண்ணெய்ச் சூடு டக்குனு இறங்கிடும்.

ஆறு. ஒரு பக்கம் மூணு நாலு நிமிஷம். ஓரம் பொன்னிறமானதும் ஒரே ஒரு தடவை திருப்புங்க. அடிக்கடி புரட்டினா உடையும். நல்லா முறுகட்டும்னு கறுக்க விடாதீங்க. கிழங்கை அதிகச் சூட்டில் வறுத்தா அக்ரிலமைடு உண்டாகும்னு ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2002-ல் சொன்னாங்க. கறுப்பு கூடக் கூட அதுவும் கூடும். பொன்னிறத்தோட நிறுத்திக்கிறது நாக்குக்கும் நல்லது, உடம்புக்கும் நல்லது.

ஏழு. எடுத்ததை நியூஸ்பேப்பரில் போட வேணாம், அச்சு மை சாப்பாட்டுக்கு ஆகாது. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கவும் வேணாம், அடியில் இருக்கிறது ஆவியில் புழுங்கி மெத்துனு ஆயிடும். மாவு சலிக்கிற கம்பிச் சல்லடையைக் கவுத்துப் போட்டு, அது மேல பரப்பி வைங்க. எண்ணெயும் வடியும், ஆவியும் ஓடும்.

முட்டை ஆகாத நாளா? கார்த்திகை, வெள்ளிக்கிழமைன்னா எங்க ஆயா முட்டைக்கு வாசற்படியிலேயே ஸ்டே ஆர்டர் போட்டுடுவாங்க. அப்போ படிஞ்ச ஸ்டார்ச்சோட 2 டேபிள்ஸ்பூன் பச்சரிசி மாவு, 1 டேபிள்ஸ்பூன் கடலை மாவு. பஜ்ஜி மாவில் அரிசி மாவு போடுற அதே லாஜிக். கொஞ்சம் சின்னதாத் தட்டுங்க, உடையாது.

தொட்டுக்க அவங்க ஊரில் புளிப்பு க்ரீம், இல்லேன்னா ஆப்பிளை வேக வச்சு மசிச்ச சாஸ். நமக்குத் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டா ரெண்டு மணி நேரத்தில் அதே புளிப்பு, அதே கெட்டி. ஆப்பிளுக்குப் பதில் இனிப்பு மாங்காய்ப் பச்சடி. செம காம்பினேஷன்!

யாரு நிற்கிறது?

இப்ப அந்தக் கேள்விக்கு வருவோம். ஒரு ஈட்டுக்கு மூணு அடை, ஏழெட்டு நிமிஷம். 12 அடைன்னா அரை மணி நேரம். அந்த அரை மணி நேரமும் ஒருத்தர் அடுப்புக்கு முன்னாடி. சூடா வந்தது கூடத்துக்குப் போகும். கடைசியில் அவங்க உட்காரும்போது, மத்தவங்க கை கழுவி டி.வி. முன்னாடி இருப்பாங்க. தோசை, பூரி, சப்பாத்தின்னு ஐட்டம் மாறுமே தவிர, நிற்கிற ஆள் மாறுவதில்லை. 'நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்'... இந்த டயலாக்கைக் கேட்காத வீடு வில்லியனூர் கொம்யூனிலும் இருக்காது, பாகூர் கொம்யூனிலும் இருக்காது.

ஹனுக்காவில் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் லாட்கே இல்லை. அந்த விளக்கு எரியுற நேரம், குறைஞ்சது அரை மணி நேரம், பெண்கள் வேலை எதுவும் செய்யக் கூடாதுங்கிற வழக்கம். அந்த வெற்றியில் பெண்களுக்கும் பங்கு உண்டுன்னு காரணம் சொல்றாங்க, யூதித்தையும் ஞாபகப்படுத்துறாங்க. 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த 'ஷுல்ஹான் அரூக்' என்ற சட்ட நூலிலேயே இந்த வழக்கம் பதிவாகியிருக்கு. துவைக்கிறது, தைக்கிறது எல்லாம் நோ. ஆனா சமையல் மட்டும் பண்ணிக்கலாம்னு பின்னாடி வந்த பெரியவங்க பலர் விலக்கு கொடுத்துட்டாங்க. பார்த்தீங்களா, அங்கேயும் அடுப்புக்கு மட்டும் லீவு கிடைக்கலை!

விலக்கு கொடுக்காம இந்த ரூலை ஒரு ஞாயித்துக்கிழமை எங்க பாகூர் வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஏழு மணிக்கு அம்மா சாமி விளக்கு ஏத்தினதும், ஏழரை வரைக்கும் அவங்க எழுந்திருக்கக் கூடாது. துருவுறதும் பிழியுறதும் நானும் தம்பியும். அடுப்பு அப்பா பொறுப்பு.

"அடுப்பை விட்டுட்டு எப்படிடா சும்மா உட்கார்றது?" அம்மாவுக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. உள்ளே இருந்து அப்பா குரல்: "ஏம்மா, லைட்டர் எங்க இருக்கு?" அம்மா எழுந்துட்டாங்க. ஆயா கையைப் பிடிச்சு உட்கார வச்சாங்க. அடுத்து "உப்பு டப்பா எது?", அப்புறம் "தீ இவ்ளோ போதுமா?" ஒவ்வொரு கேள்விக்கும் அம்மா எழுந்திருக்க, ஆயா இழுக்க, ஒரே கபடி.

அப்பா போட்ட முதல் ஈடு செங்கல் கனம். ரெண்டாவது ஈட்டில் தட்டுற பதம் கைக்கு வந்துடுச்சு. அதை நேரா அம்மா தட்டில் வச்சேன். கடிச்ச சத்தம் கூடம் வரைக்கும் கேட்டுச்சு. ஆயாவுக்கும் ஒண்ணு. கொஞ்ச நேரம் மென்னுட்டு ஆயா சொன்னாங்க: "கல்யாணம் ஆகி அறுபது வருஷம் ஆச்சு. இந்த வீட்டுல நான் சூடாத் தின்ன மொத அடை இதுதான்."

அப்பா ஒண்ணும் பேசலை. அடுத்த ஈட்டைத் திருப்பிப் போட்டார்.

எல்லாரும் சேர்ந்து உட்கார வழி இல்லையா? இருக்கு. ரெண்டு அடுப்பையும் பயன்படுத்துங்க. ஒண்ணில் வாணலி, இன்னொண்ணில் எண்ணெய் தடவாத தோசைக்கல், சிம்மில். சல்லடையில் வடிஞ்ச அடைகளைக் கல்லு மேல ஒத்தை வரிசையா பரப்பிட்டா, ஈரம் ஏறாம மொறுமொறுப்பு நிற்கும். கடைசி ஈடு முடிஞ்சதும் எல்லாத்தையும் ஒண்ணாத் தட்டில் எடுத்துக்கிட்டு, பொரிச்சவரும் வந்து பந்தியில் உட்காரலாம். இதுக்குத் தனி மெஷின் வேணாம், இன்ஜினீயரிங் டிகிரியும் வேணாம்.

அந்த ஒன்பதாவது விளக்கு ஞாபகம் இருக்கா? எல்லா விளக்கையும் ஏத்திட்டுத் தனியா நிற்கிற ஷமாஷ். மெழுகுவத்திக்கு அது சரி. நம்ம வீட்டில் வருஷம் முழுக்க ஒரே ஆள் அந்த இடத்தில் நிற்கிறது சரி இல்லை. டர்ன் மாத்தணும்.

ஸோ, இந்த வார அசைன்மென்ட்: அரை கிலோ கிழங்கு, ஒரு இட்லித் துணி, அம்மாவுக்கு அரை மணி நேரம் லீவு. சப்மிஷன் தேதி இந்த ஞாயித்துக்கிழமை. காப்பி அடிக்கலாம், தப்பில்லை. ஒரே ஒரு கண்டிஷன்: லைட்டர் எங்கேன்னு அம்மாவைக் கேட்கக் கூடாது. அதையும் நீங்களே தேடிக்கணும். அதுவும் லீவுல சேர்த்தி!